கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே

சலவைக்கூடத்தின் இரும்புக் கதவில் ஒரு தகரப் பலகை தொங்கியது. ‘ஆட்கள் தேவை. மாதச் சம்பளம். அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்கும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்வோம்’ என்று அதில் எழுதியிருந்தது. கடைசி வரியைப் பெயின்டர் முதலில் சின்ன எழுத்தில்தான் எழுதினான். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. அழிக்கச் சொல்லி, சம்பளத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுத வைத்தார். சம்பளத்தைவிட அதுதான் பெரிது என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

முதலாளி கெட்டவர் என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். வேலை செய்கிற இடத்தில் யாராவது மயங்கி விழுந்தால் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். அந்த அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார், அது வேறு விஷயம்.

சூப்பர்வைசரை விட்டால் அங்கே வேலை பார்த்தவர்கள் பதினாலு பேர். பதினாலு பேருக்குமே வீட்டு வாடகையில் முக்கால் பங்கை அரசாங்கம் கட்டியது. மாத வருமானம் ஒரு குறிப்பிட்ட தொகைக்குள் இருந்தால்தான் அந்த உதவி கிடைக்கும். அந்தத் தொகையைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் ‘கோடு’ என்றே சொன்னார்கள். வருஷா வருஷம் அரசாங்கம் கோட்டைக் கொஞ்சம் உயர்த்தும். முதலாளியும் கூடவே சம்பளத்தை உயர்த்துவார். ஆனால் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே வந்ததும் கையை எடுத்துவிடுவார்.

“உங்களுக்காகத்தான் பாத்துப் பாத்துப் போடறேன். ஒரு காசு கூடப் போயிட்டா யாருக்கு நஷ்டம்? உங்களுக்குத்தானே?” என்பார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை ‘ஃபாரம் நாள்’ வரும். அன்றைக்கு மூன்று மணிக்கே இயந்திரங்களை நிறுத்திவிட்டு, துணி மடிக்கிற நீள மேஜையைத் துடைத்துவிட்டு, முதலாளி செலவில் எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, உதவிப் படிவங்களை நிரப்புவார்கள். நிரப்புவது ஒரே ஆள். அவளை எல்லோரும் பேனாக்கா என்று கூப்பிட்டார்கள்.

பேனாக்காவின் நிஜமான வேலை உருளை இஸ்திரி. ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்துச் சுடுகிற உருளைக்குள் நேராகக் கொடுக்க வேண்டும். கோணினால் மறுபக்கம் சுருக்கத்தோடு வரும். ஆஸ்பத்திரி விரிப்பும் ஹோட்டல் விரிப்புமாகப் பதினைந்து வருஷம் கொடுத்துக் கொடுத்து அவளுடைய விரல் ரேகைகளே தேய்ந்துவிட்டன. உதவி அலுவலகத்தின் ஜன்னலில் இருந்த ரேகை இயந்திரம் அவள் கட்டை விரலை ஒருமுறைகூட அடையாளம் கண்டதில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொண்டு, “கையெழுத்துப் போடுங்கம்மா” என்பான். அவளும் பத்து வருஷமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “சரிங்க சார்” என்பாள்.

படிவம் எழுதுவதில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. பொய் சொன்னால் பேனாவை மூடிவிடுவாள். திட்ட மாட்டாள், முறைக்க மாட்டாள். மூடியை எடுத்து, ‘டக்’கென்று போட்டுவிட்டு, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். ஒரு வருஷம் யாரோ சொன்ன பொய்யை நம்பி எழுதப்போய், அலுவலகம் விசாரணை என்று சொல்லி எல்லோருடைய உதவியையும் மூன்று மாதம் நிறுத்தி வைத்துவிட்டது. அதிலிருந்துதான் இந்தச் சட்டம்.

“வீட்ல வேற யாரும் சம்பாதிக்கலை,” என்பார் மூட்டைக்காரர். அழுக்குத் துணி மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்குகிறவர் அவர்.

டக்.

“மச்சான் இருக்கான். ஆனா அவன் சம்பாதிக்கறது அவன் சிகரெட்டுக்கே பத்தாது.”

பேனா திறக்கும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், சூப்பர்வைசராக இருந்தவர் வேலையை விட்டுவிட்டு மகனோடு இருக்கக் கிளம்பிவிட்டார். முதலாளி பேனாக்காவைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

“இனிமே நீதாம்மா சூப்பர்வைசர். சம்பளத்தையும் கூட்டிட்டேன்.” தொகையைச் சொல்லிவிட்டு, அவள் முகம் மலர்வதைப் பார்க்க வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

பேனாக்கா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே போயிருந்தது.

“வேண்டாங்க முதலாளி.”

“எது வேண்டாம்?”

“சம்பளத்தைக் கூட்ட வேண்டாம்.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். “ஊரெல்லாம் சம்பளத்தைக் கூட்டுன்னு கொடி பிடிக்கறான். நீ என்னடான்னா கூட்டாதேன்னு கொடி பிடிக்கறே!”

“நீங்க குடுக்கறது ஒரு கைப்பிடி. அதை வாங்கினா அரசாங்கம் கூடையோட எடுத்துக்கும். வாடகை மொத்தமும் என் தலையில விழுந்துரும்ங்க.”

முதலாளி யோசித்தார். இரக்கமுள்ள மனுஷர் இல்லையா, உடனே வழியும் கண்டுபிடித்தார். “சரி, உன் கஷ்டம் புரியுது. கூட்டலை. பழைய சம்பளத்துக்கே சூப்பர்வைசரா இரு.”

“இல்லைன்னா நல்லாக் கூட்டிக் குடுங்க முதலாளி. வாடகையை நானே கட்டற அளவுக்கு. அப்புறம் நான் எந்த ஜன்னல்லயும் போய் நிக்க வேண்டாம்.”

“பணம் என்ன மரத்துலயா காய்க்குது?” என்று அவர் எழுந்துவிட்டார். “மாசக் கடைசிக்குள்ள சொல்லு. இல்லைன்னா வெளியாளைக் கொண்டுவந்து போடறேன். அப்புறம் அவன் கீழ வேலை பாக்கறது உன் பாடு.”

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அரை நாள் வேலை பார்ப்பவர். முழங்கால் போனதிலிருந்து அவரால் முழு நாள் நிற்க முடியாது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். முன்பெல்லாம் ஒரு வண்டிப் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார்கள். மகளுடைய நோட்டுப் புத்தகங்களெல்லாம் கிரீஸ் வாடை அடிக்கும். உதவிக்கு எழுதிப் போட்டு, மூன்று வருஷம் வரிசையில் காத்திருந்துதான் இந்த இரண்டு அறை வீடு வந்தது. ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். ஒருமுறை உதவி நின்றுவிட்டால் நின்றதுதான். மறுபடி வேண்டுமென்றால் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும்.

“அப்படின்னா வாயை மூடிக்கிட்டு பழைய சம்பளத்துக்கே சூப்பர்வைசரா இருந்துட்டுப் போ,” என்றார் வீட்டுக்காரர்.

“இருக்கலாம். ஆனா பல்லு விளக்கற பிரஷ்ஷை எண்ண வர்றாங்களே, அது நிக்காதே,” என்றாள் மகள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார். சொன்னதைவிட அதிகமாக ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்கக் குளியலறையில் பிரஷ் எண்ணுவார். போன தடவை மகள் பழைய பிரஷ்ஷைத் தூக்கிப் போட மறந்திருந்தாள். நாலாவது பிரஷ் யாருடையது என்று அரை மணி நேரம் விசாரணை நடந்தது. பேனாக்காவுக்கு அன்றைக்கு வந்த அழுகையை அவள் யாருக்கும் காட்டவில்லை.

மாசக் கடைசி வருவதற்குள் பாய்லர் போய்விட்டது. சோதனைக்கு வந்தவர் தட்டிப் பார்த்துவிட்டு, இதைப் பற்றவைத்தால் கட்டடம் இருக்காது என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். நீராவி இல்லாமல் உருளை சில்லிட்டுக் கிடந்தது. புதுப் பாய்லரின் விலையைக் கேட்ட முதலாளி, தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குடித்தார்.

மறுநாள் காலையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினார். கையில் ஒரு படிவம். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு இயந்திரம் வாங்கப் பாதி விலையை அரசாங்கம் கொடுக்கிறதாம்.

“நீதாம்மா எழுதணும். உன் கை ராசியான கை.”

நீள மேஜையைத் துடைத்தார்கள். பேனாக்கா தன் இடத்தில் உட்கார்ந்தாள். எதிரே, ஃபாரம் நாளில் மற்றவர்கள் உட்காரும் ஸ்டூலில் முதலாளி உட்கார்ந்தார். அதற்கு ஒரு கால் குட்டை, ஆடும். இத்தனை வருஷத்தில் அது அவருக்குத் தெரியாது. நீராவி இல்லாததால் வேலையும் இல்லை, ஆகவே பதின்மூன்று பேரும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

“வீட்ல எத்தனை பேருங்க?”

“பாய்லருக்கும் வீட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“கேட்டிருக்காங்க முதலாளி. எங்களையும் கேப்பாங்க.”

“நாலு பேர்.”

“எத்தனை ரூம்?”

“அதுவும் நாலு.”

டக்.

முதலாளி மூடியைப் பார்த்தார். மூட்டைக்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

“ஏழு,” என்றார் முதலாளி. பேனா திறக்கவில்லை. “மாடியைச் சேத்தா ஒன்பது. மாடியை யாரும்மா சேப்பாங்க?”

பேனா திறந்தது. “வேற யாராவது உங்களுக்கு மாசாமாசம் உதவி செய்யறாங்களா?”

“எனக்கா? நான்தான் பதினாலு குடும்பத்துக்கு உதவி பண்ணிக்கிட்டிருக்கேன்!”

பேனாக்கா இதற்கு மூடவில்லை. அவர் அதைப் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லையே. அவர் சொன்னபடியே எழுதினாள்.

“உங்க ஆளுங்கள்ல எத்தனை பேரு வருமானம் பத்தாம அரசாங்க உதவி வாங்கறாங்க?”

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டூல் ஒரு ஆட்டம் ஆடியது. “எல்லாரும்! பதினாலுன்னு நல்லாப் பெருசா எழுது. நம்ம கம்பெனி ஆளுங்களை எப்படிப் பாத்துக்குதுன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.”

பெரிதாகவே எழுதினாள். பக்கத்தைப் புரட்டியவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு நிறுத்தி நிறுத்திப் படித்தாள். “தொழிலாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வருமானக் குறைவுக்கான உதவி பெற்று வந்தால், அவர்கள் மூலம் அந்நிறுவனமே ஏற்கெனவே அரசு உதவி பெறுவதாகக் கொள்ளப்படும். அத்தகைய நிறுவனம் இத்திட்டத்துக்குத் தகுதியற்றது.”

“திருப்பிப் படி.”

திருப்பிப் படித்தாள்.

“யாரு உதவி வாங்கறது? நானா?”

“அப்படித்தாங்க போட்டிருக்கு.”

“இவ்வளவு நாளா நாம எல்லாரும் ஒரே வரிசையிலதான் நின்னுக்கிட்டு இருந்திருக்கோம், முதலாளி முன்னாடி நின்னதால நமக்கு முகம் தெரியலை,” என்றார் மூட்டைக்காரர். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன அநியாயம் இது! கொஞ்சம் உதவி வருதுன்னு மொத்தத்தையும் வெட்டறதா? மனுஷன் கஷ்டப்பட்டு மேல ஒரு படி வைக்கப் பாத்தா, ஏணியையே உருவறதா? இப்படி ஒரு சட்டத்தை எவன் எழுதினான்?”

உருளை ஓடாததால் அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“அதைத்தாங்க அன்னிக்குக் கண்ணாடி ரூம்ல நானும் சொன்னேன்,” என்றாள் பேனாக்கா.

முதலாளி ஆடுகிற ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, “பதினாலை அடிச்சுட்டு ஆறுன்னு போட்டுரு,” என்றார்.

டக்.

“மூடாதேம்மா!”

“பதினாலு பேர் ஃபாரமும் அதே ஆபீஸ்ல இருக்கு முதலாளி. எல்லாம் என் கையெழுத்து. சம்பளச் சான்றிதழ் எல்லாத்துலயும் உங்க சீல்.”

மூன்று நாள் போயிற்று. விரிப்பு மூட்டைகள் கூரையைத் தொட ஆரம்பித்தன. ஹோட்டல்காரன் பொறுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்காரர்கள் பொறுக்கவில்லை. வாரக் கடைசிக்குள் துணி வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். நாலாம் நாள் முதலாளி தாடியோடு வந்து, உதவி வாங்குகிறவர்கள் பாதிக்கு மேல் போகாதபடி ஏழு பேருக்குச் சம்பளத்தைக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே உயர்த்தப்போவதாக அறிவித்தார். யார் யாருக்கு வேண்டும், முன்னால் வரலாம் என்றார்.

ஒருத்தர்கூட வரவில்லை. வந்திருந்தவர்களும் கலைந்தார்கள். மடிப்புப் பகுதியில் இருந்த ஒரு பெண் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மூட்டைக்காரர் தலைவலி என்று சொல்லி மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துவிட்டார். சம்பள உயர்வுக்கு இப்படி ஆட்கள் தெறித்து ஓடுவதை அந்த முதலாளியைப் போல் கண்ணால் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

“விரற்கடைக்கு யாரும் வர மாட்டாங்க முதலாளி,” என்றாள் பேனாக்கா. “ஒரு முழம் மேல போடுங்க. வாடகையைக் கட்டிட்டு வயித்துக்கும் இருக்கணுமில்ல?”

“முழமா? ஒரு சாண் போடறேன்.”

“சாணுக்கு வாடகை வரும், சாப்பாடு வராது.”

முதலாளி கண்ணாடி அறைக்குள் போனார். ஒரு மணி நேரம் காகிதத்தில் என்னென்னவோ போட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரி போனால் என்ன ஆகும், முழு விலைக்குப் பாய்லர் வாங்கினால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பார் போலிருக்கிறது. வெளியே வந்தபோது முக்கால் முழத்துக்கு இறங்கி வந்திருந்தார். அல்லது ஏறி வந்திருந்தார்.

“ரெண்டு வருஷத்துக்குக் குறைக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க,” என்றாள் அவள்.

“என்னை நம்பலையா நீ?”

“நம்பறேங்க. காகிதத்தை அதைவிடக் கொஞ்சம் கூட நம்பறேன்.”

எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொடுத்தார். அதன் பிறகும் யாரும் முன்னால் வரவில்லை. எல்லோரும் பேனாக்காவையே பார்த்தார்கள். முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டப்போவது அவள்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நேரம் வாய் கிழியப் பேசியவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்துச் சலவைக்கூடமே மூடிப்போனால்? மறுபடியும் பட்டறையும் கிரீஸ் வாடையும்தான்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரிடம் காகிதத்தைக் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை சீலை மட்டும் பார்த்தார்.

“பயமா இருக்குங்க.”

“எனக்கும்தான்,” என்றார் அவர். “போயிட்டு வா.”

மகள் குளியலறைக்குப் போய், ஒளித்து வைத்திருந்த புதுப் பிரஷ்ஷை எடுத்து, மற்ற மூன்றோடு நாலாவதாக நிறுத்தி வைத்தாள். பேனாக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அலுவலக ஜன்னலில் ஏழு பேர் போய் நின்றார்கள். மூட்டைக்காரருக்குத் தலைவலி போயிருந்தது. குமாஸ்தா நிமிர்ந்து பார்த்து அலுத்துக்கொண்டான்.

“புதுப்பிக்க இன்னும் நாலு மாசம் இருக்கேம்மா. அதுக்குள்ள கூட்டமா வந்துட்டா எப்படி?”

“புதுப்பிக்க வரலைங்க சார். நிறுத்தறதுக்கு ஏதாவது ஃபாரம் இருக்குமா?”

“எதை நிறுத்த?”

“உதவியை.”

“நாங்கதாம்மா நிறுத்துவோம். நீங்க எப்படி நிறுத்துவீங்க?”

அவளுக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இருந்தாலும் நகராமல் நின்றாள். குமாஸ்தா உள்ளே போய் யாரையோ கேட்டான். அவர் இன்னொருவரைக் கேட்டார். கடைசியில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஓரம் பழுத்த ஒரு காகிதக் கட்டை எடுத்துத் தூசியை ஊதினார்கள். அதில் நிறுத்தும் படிவம் ஒரே ஒன்றுதான் இருந்தது. மற்ற ஆறு பேருக்குப் பிரதி எடுக்க வேண்டும் என்று குமாஸ்தா சொன்னான்.

பேனாக்கா ஜன்னல் திண்டிலேயே வைத்து எழுதினாள். உதவியை நிறுத்தக் காரணம் என்ற இடத்தில் நாலு கட்டங்கள் இருந்தன. மரணம். ஊரை விட்டுப் போதல். சிறை. பிற. அவள் ‘பிற’ என்பதற்கு நேரே கோடு கிழித்து, பக்கத்தில் இருந்த இடத்தில் ‘சம்பளம்’ என்று எழுதினாள். பதினைந்து வருஷம் கோணாமல் விரிப்புக் கொடுத்த கை அந்த ஒரு வார்த்தையைக் கோணலாக எழுதியது.

படிவத்தை நீட்டிவிட்டு அவள் வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டாள். குமாஸ்தா வாங்கிப் படித்தான். கடைசி வரியில் நின்று, மறுபடி படித்தான். அவன் சட்டைக் காலர் நைந்திருந்ததை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள். அவன் பின்னால் மேலதிகாரியின் அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னல் துவாரத்தருகே முகத்தைக் கொண்டுவந்தான்.

“அங்க இன்னும் ஆள் எடுக்கறாங்களா?”

“யாருக்குங்க சார்?”

“எனக்குத்தான். நான் இங்க கான்ட்ராக்ட்ல இருக்கேன்.” மேஜை மேல் இருந்த படிவக் கட்டைக் கண்ணால் காட்டினான். “எங்க வீட்டு வாடகை ஃபாரமும் இதுக்குள்ளதான் இருக்கு.”

பேனாக்கா அவனைப் பார்த்தாள். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

“உருளைச் சூட்டுல விரல் ரேகையெல்லாம் போயிடும். பரவாயில்லையா தம்பி?”

அவன் தன் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தான்.

“போனாப் போகட்டும்க்கா,” என்றான். “சம்பளம் கோட்டுக்கு மேலதானே?”